எரிபொருள் இல்லாத ஜெனரேட்டர்: முன்பணம் கொடுக்கும் முன்

கேள்வி: எரிபொருளே இல்லாமல் ஓடும் 5 கிலோவாட் ஜெனரேட்டரைக் கண்டுபிடித்திருப்பதாக ஒருவர் சொல்கிறார். பேட்டரியில் கிளப்பிவிட்டு, ஒயரைக் கழற்றிய பிறகும் பல்புகள் எரிந்ததைக் கண்ணால் பார்த்தேன். விலை ஒன்றரை லட்சம், பாதி முன்பணம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பல்புகள் எரிந்தது உண்மைதான். எத்தனை வாட், எத்தனை நிமிடம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த மாதிரி இயந்திரங்களில் கனமான ஃபிளைவீல் (ஆற்றலைச் சேர்த்துவைக்கும் சுழல்சக்கரம்) ஒன்று இருக்கும். 50 கிலோ எடையும் 60 செ.மீ. விட்டமும் உள்ள இரும்புத் தட்டு, நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 28 கிலோஜூல். மின்கட்டணக் கணக்கில் ஒரு யூனிட்டில் நூறில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் உராய்வை விட்டுவிட்டால் 100 வாட் பல்புகளை நாலரை நிமிடம் எரிக்க அது போதும். செய்துகாட்டல் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், கைதட்டலும் கிடைத்துவிடும். சொன்னபடி 5 கிலோவாட் இழுத்துப் பார்த்தால் ஆறு விநாடிக்குள் சக்கரம் நின்றுவிடும்.

மோட்டார் ஆல்டர்னேட்டரை (சுற்றினால் மின்சாரம் தரும் கருவி) சுற்றும், ஆல்டர்னேட்டர் மோட்டாருக்கே மின்சாரம் தரும் என்பதுதான் அவர்கள் சொல்லும் தத்துவம். நல்ல மோட்டார் 85 சதவீதம், பெல்ட் 95, ஆல்டர்னேட்டர் 85 என்று தாராளமாகவே கணக்குப் போடுவோம். 1,000 வாட் உள்ளே போனால் 690 வாட் வெளியே வரும். அதைத் திருப்பி ஊட்டினால் 470. காந்தத்தைக் கூட்டினாலும் சக்கரத்தைப் பெரிதாக்கினாலும் ஒவ்வொரு சுற்றிலும் குறையத்தான் செய்யும்.

கேள்வி: அப்படியே ஒதுக்காமல் நியாயமாகச் சோதித்துப் பார்க்க வழி உண்டா? உள்ளே இருப்பது ரகசியம் என்பதால் திறக்க விடமாட்டாராம்.

பதில்: திறக்கவே வேண்டாம். இயந்திரம் உங்கள் இடத்துக்கு வரட்டும். மர ஸ்டூல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் ஒயர் எதுவும் போகக் கூடாது. சார்ஜ் செய்ய வேண்டும் என்று எதையும் இடையில் செருக விடாதீர்கள். லோடும் மீட்டரும் உங்களுடையதாக இருக்கட்டும்.

லோடுக்கு 1,500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு இரண்டு, 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம், ஒரு தெர்மாமீட்டர் போதும். எலக்ட்ரீஷியனை வைத்து ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக இணைப்புக் கொடுங்கள். ஸ்விட்சை அணைக்காமல் தண்ணீரில் கை வைக்காதீர்கள். 3 கிலோவாட் உண்மையிலேயே வந்தால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 12, 13 டிகிரி சூடேறும். ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் மலிவான கிளாம்ப் மீட்டர் கோணல்மாணலான அலைவடிவத்தில் தப்பாகக் காட்டும். தண்ணீரின் சூட்டில் அந்தக் குழப்பம் இல்லை. வோல்டேஜையும் குறித்துக்கொள்ளுங்கள். 230-க்குப் பதில் 180 வோல்ட் வந்தால் அதே ராடு 920 வாட்தான் இழுக்கும்.

சூடேறியதும் தண்ணீரை மாற்றி, 24 மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். மொத்தம் 72 யூனிட். 12 வோல்ட், 150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றில் முழு சார்ஜில் 1.8 யூனிட்தான் இருக்கும். 72-க்கு நாற்பது பேட்டரி வேண்டும். அவ்வளவையும் ஸ்டூல் மேல் நிற்கும் எந்தப் பெட்டிக்குள்ளும் மறைக்க முடியாது. அரை மணி நேர டெமோ போதும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விஞ்ஞானிகள் பொறாமையால் பார்க்க மறுக்கிறார்கள் என்கிறாரே?

பதில்: பார்த்திருக்கிறார்கள். அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஸ்டியார்ன் நிறுவனம், காந்தங்களால் இலவச ஆற்றல் கிடைக்கிறது என்று 2006-இல் 'தி எகனாமிஸ்ட்' இதழில் விளம்பரம் கொடுத்து விஞ்ஞானிகளைச் சோதிக்க அழைத்தது. 22 பேர் கொண்ட குழு அமைந்தது. 2007-இல் லண்டனில் நடக்கவிருந்த செய்துகாட்டல் தொழில்நுட்பக் கோளாறு என்று ரத்தானது. 2009-இல் குழு ஒருமனதாகச் சொன்னது: ஆற்றல் உற்பத்தியானதற்குச் சான்று இல்லை.

கேள்வி: காரில் பொருத்தினால் தண்ணீரிலிருந்து வாயு எடுத்து மைலேஜ் கூட்டும் கிட்?

பதில்: கிட் 14 வோல்ட்டில் 15 ஆம்பியர், அதாவது 210 வாட் இழுக்கிறது என்று கொள்வோம். காரின் ஆல்டர்னேட்டர் அதைத் தர எஞ்சினிடமிருந்து 350 வாட் எடுக்கும். வரும் வாயு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். எரிந்தால் 120 வாட் வெப்பம். எஞ்சினில் உருப்படியாகச் சேர்வது 35 வாட் அளவு. நஷ்டம் உங்கள் பெட்ரோலில். சில கிட்டுகளோடு ஆக்சிஜன் சென்சாரை (புகையில் உள்ள ஆக்சிஜனை அளந்து பெட்ரோல் அளவைச் சரிசெய்ய உதவுவது) ஏமாற்றும் சர்க்யூட்டும் வருகிறது. கலவையில் பெட்ரோல் குறைந்து வால்வு சூடாகும், வாரண்டியும் போகும். தண்ணீர் கார் என்று புகழ்பெற்ற அமெரிக்கர் ஸ்டான்லி மேயரின், தண்ணீரிலிருந்து வாயு எடுக்கும் செல்லை நிபுணர்கள் ஆராய்ந்தபோது அது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் சாதாரண மின்னாற்பகுப்பு என்றே தெரிந்தது. 1996-இல் ஒஹையோ நீதிமன்றம் அதை அப்பட்டமான மோசடி என்று தீர்த்து, இரண்டு முதலீட்டாளர்களுக்கு 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது.

கேள்வி: பேட்டன்ட் எண் காட்டுகிறார்.

பதில்: விண்ணப்ப எண்ணா, வழங்கப்பட்ட காப்புரிமை எண்ணா என்று காப்புரிமை அலுவலக இணையதளத்தில் பாருங்கள். விண்ணப்பம் பொதுவாக 18 மாதத்தில் தானாக வெளியாகிவிடும். அதற்கு ஆய்வு தேவையில்லை. இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானவை கண்டுபிடிப்பே ஆகாது என்று 1970 காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது.

கேள்வி: பணம் கொடுத்துவிட்டேன்.

பதில்: விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, வீடியோ எல்லாவற்றையும் இன்றே சேமியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதிவு செய்யுங்கள். எழுத்தில் நோட்டீஸ் அனுப்பி, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வீட்டுக்கு வாங்கியவருக்கு இது பொருந்தும். டீலர்ஷிப்புக்கோ பங்குக்கோ கட்டியிருந்தால் வணிக நோக்கம் என்று ஆணையம் தள்ளிவிடலாம். அப்போது காவல்துறையில் மோசடிப் புகார் கொடுக்க வேண்டும்.