வைஃபை கார்டின் ரெஜிஸ்டர்கள் எந்த முகவரியில் இருக்கின்றன என்று டிரைவருக்கு எப்படித் தெரிகிறது? மேப் செய்த பிறகும் படித்தால் 'டெட்பீஃப்' என்று வருவது ஏன்?

உங்கள் இரண்டாவது கேள்வியைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அதே டெட்பீஃப் (ஹெக்ஸ், அதாவது 16 அடிமான முறையில் DEADBEEF என்று எழுதப்படும் எண்) முன்னால் நானும் ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் முகவரி. ரெஜிஸ்டர் என்பது கார்டைக் கட்டுப்படுத்தவும் அதன் நிலையை அறியவும் உதவும் சிறு பெட்டி; டிரைவர் என்பது கார்டை இயக்கும் மென்பொருள். முகவரி டிரைவருக்கு முன்கூட்டியே தெரியாது. ஒவ்வொரு பிசிஐ கார்டிலும் (பிசிஐ என்பது கார்டுகளைக் கணினியோடு இணைக்கும் பஸ், அதாவது பொதுத் தடம்) தன்னைப் பற்றிய அமைப்பு விவரங்கள் கொண்ட சிறிய கான்ஃபிக் பகுதி ஒன்று உண்டு. அதில் 'பார்' எனப்படும் முகவரி ரெஜிஸ்டர்கள் ஆறு. கணினி எழும்போது பயாஸோ (கணினியின் தொடக்க நிரல்) கர்னலோ (இயங்குதளத்தின் மையப் பகுதி) அவற்றில் எல்லா பிட்டையும் 1 ஆக எழுதித் திரும்பப் படிக்கும். எத்தனை பிட்டுகள் மாறாமல் 0 ஆகவே நின்றன என்பதிலிருந்து, கார்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்த அளவுக்கு ஓர் இடத்தை ஒதுக்கி, அதன் தொடக்க முகவரியை அங்கேயே எழுதிவிடும். என்னிடம் இருந்த ஏதெரோஸ் ஏஆர்9285 கேட்டது 64 கிலோபைட்.

அது பௌதிக முகவரி. கர்னல் குறியீடு அதை நேரடியாகத் தொட முடியாது. கர்னலின் 'ஐஓரீமேப்' செயல்பாடுதான் அதற்கு ஒரு மெய்நிகர் முகவரி கொடுக்கிறது (இதுதான் மேப் செய்வது), கேஷ் (செயலி வைத்துக்கொள்ளும் தற்காலிக நகல்) இல்லாமல். இந்தக் 'கேஷ் இல்லாமல்' மிக முக்கியம். ரெஜிஸ்டர் நினைவகம் அல்ல. ஏதெரோஸில் ஹெக்ஸ் 80-இல் இன்டரப்ட் நிலை (கார்டு செயலியை ஏன் அழைத்தது என்ற குறிப்பு) இருக்கிறது. அதையே ஹெக்ஸ் சி0 வழியாகப் படித்தால், படித்த கணமே அழிந்துவிடும். படிப்பதே ஒரு செயல். அதனால்தான் சாதாரண பாயின்டரை விட்டு, ரெஜிஸ்டரைப் படிக்கவே உள்ள 'ஐஓரீட்32' செயல்பாட்டைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

அந்த 64 கிலோபைட்டுக்குள் எது எங்கே என்பதைக் கார்டு சொல்லாது. தயாரித்தவர்தான் சொல்ல வேண்டும். 2008-இல் ஏதெரோஸே ஏடிஎச்9கே டிரைவரைத் திறந்த மூலமாகக் கொடுத்தது, லினக்ஸ் 2.6.27-இல் சேர்ந்தது. அதன் ரெஜிஸ்டர் ஹெடர் கோப்பைப் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு அதைவிட நல்ல பாடநூல் கிடைத்ததில்லை.

இனி டெட்பீஃப். நான் முதலில் படித்தது ஹெக்ஸ் 4020, சிப்பின் பதிப்பு எண். சரியாக வந்தது. அடுத்து மேக் முகவரி இருக்கும் 8000-ஐப் படித்தேன்: டெட்பீஃப். மேப்பிங்கில்தான் தவறு என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தேன். மேப்பிங் சரியாகத்தான் இருந்தது. கார்டு தூங்கிக்கொண்டிருந்தது! மின்சாரம் சேமிக்க மேக் பகுதி (வைஃபை தரவை அனுப்பிப் பெறுவதைக் கவனிக்கும் பகுதி) உறங்கும். பஸ்ஸை ஒட்டிய பகுதியும் கடிகாரப் பகுதியும் மட்டும் விழித்திருக்கும். உறங்கும் பகுதியைப் படித்தால் கிடைக்கும் அடையாள எண்தான் அது. ஏடிஎச்9கே-யிலேயே கார்டு எழவில்லை என்று கண்டுகொள்ள இந்த எண்ணோடு ஒப்பிடும் ஒரு வரி இருக்கிறது.

எழுப்ப, ஹெக்ஸ் 704சி ரெஜிஸ்டரில் விழிப்பு பிட்டை 1 ஆக்கி, 7044-இல் 'விழித்தாயிற்று' என்ற நிலை வரும்வரை பார்க்க வேண்டும். டிரைவர் 50 மைக்ரோநொடிக்கு ஒருமுறை, 10 மில்லிநொடி வரை பார்க்கிறது. இதைச் சேர்த்ததும் எனக்கு டெட்பீஃப் போயிற்று.

இன்னொன்று: பிசிஐ-யில் எழுதுவது உடனே போய்ச் சேர்ந்துவிடாது, வழியில் காத்திருக்கலாம். எழுதிவிட்டு 50 மைக்ரோநொடி பொறுத்தால், எழுத்து போய்ச் சேரும் முன்பே உங்கள் காத்திருப்பு தொடங்கியிருக்கும். அதே கார்டில் ஏதாவது ஒன்றைப் படித்துவிட்டுப் பிறகு காத்திருங்கள். அந்தப் படிப்பு, முன்னால் எழுதியதைத் தள்ளிக்கொண்டு போகும்.

எல்லாக் கார்டும் இப்படி எல்லாவற்றையும் திறந்து வைப்பதில்லை. இன்டெலில் உட்பகுதி ரெஜிஸ்டர்கள் பலவற்றுக்கு, வேண்டிய முகவரியை ஒரு ரெஜிஸ்டரில் எழுதி, மதிப்பை இன்னொன்றில் எடுக்க வேண்டும். பழைய பிராட்காம் கார்டுகளில் 4 கிலோபைட் ஜன்னல் ஒன்றை, கான்ஃபிக் பகுதியின் ஹெக்ஸ் 80 வழியாக நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு கோராக (சிப்பின் தனித்தனி உட்பகுதி) பார்க்க வேண்டும்.

விழிப்பு பிட்டை வைத்த பிறகு டெட்பீஃப் போய் எல்லாமே எஃப் ஆக வந்தால் அது வேறு நோய்: கார்டு பஸ்ஸில் பதிலே சொல்லவில்லை. கான்ஃபிக் பகுதியின் கட்டளை ரெஜிஸ்டரில் மெமரி பிட் 1 ஆக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.