தம்பியைப் பொலிஸ் அடித்ததற்கு நட்டஈடு

தங்கச்சி, செட்டிகுளத்தில் தம்பியைப் பொலிஸார் அடித்துவிட்டு இப்போது காசு தருகிறோம், விட்டுவிடுங்கள் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எதிலும் கையெழுத்து வைக்க விடாதீர்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம் 2021இல், பொலிஸ் கொன்ற ஜோர்ஜ் ஃப்ளொய்டின் குடும்பத்துக்கு 27 மில்லியன் டொலர் கொடுக்க இணங்கியதும் வழக்குப் போட்ட பிறகுதான். இங்கே இலங்கையில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் இருக்கிறது, ஆனால் அதற்குள் வவுனியா மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால் அவர்கள் விசாரிக்கிற காலம் கணக்கில் சேராது. சரி, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் காயங்களைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுங்கள். என் மச்சானின் குதிக்காலில் இருந்த கண்டல் நாலு நாளில் மஞ்சளாகி மங்கிப்போனது, ஒரு படம்கூட எடுக்கவில்லை, இன்றைக்கும் மனம் ஆறவில்லை. இரத்தம் பட்ட சேட்டைத் தோய்க்காமல் கடதாசிப் பையில் வையுங்கள். வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள்.