குளிர் தொடங்கமுன் பழைய வீட்டின் கூரையை மாற்றத்தான் வேண்டுமா?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பழைய பங்களோ வாங்கியிருக்கிறீர்கள். கூரை பார்க்க வந்தவர், "இது இந்தக் குளிருக்குத் தாங்காது, முழுதாக மாற்றுங்கள்" என்றாராம். மாற்றவா என்று கேட்கிறீர்கள். முதலில், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏணி வைத்து, சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள அட்டிக்குக்குள் ஏறிப் பாருங்கள். அவர் ஏறிப் பார்த்தாரா? பார்த்திருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களும் பார்க்கவில்லை.

எங்களுடையதும் 1950களில் கட்டிய வீடு. குடிவந்த முதல் ஜனவரியில் படுக்கையறை சீலிங்கில் பழுப்புக் கறை ஒன்று தோன்றிப் பெருத்துக்கொண்டே போனது. வந்த கூரைக்காரர்கள் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, கூரை மேல் ஓடு போல அடுக்கியிருக்கும் ஷிங்கிள்ஸின் ஆயுள் முடிந்துவிட்டது, 15,000 டொலர் ஆகும் என்றார்கள். கேள்வி கேட்டது நான். பதில் முழுவதும் என் கணவருக்குத்தான் சொன்னார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு இடித்தது. ஒக்டோபரில் நாள்முழுக்க மழை கொட்டியும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. கடும் குளிர் சில நாள் நின்று, வெளியே பூச்சியத்துக்கு மேலே வந்த அன்றுதான் ஒழுகியது. கூரை ஓட்டையென்றால் மழைக்கல்லவா முதலில் ஒழுகியிருக்க வேண்டும்? டோர்ச் எடுத்துக்கொண்டு நானே அட்டிக்கில் ஏறினேன். மேலே பலகையைத் துளைத்து வந்த ஆணி நுனிகளில் எல்லாம் வெள்ளையாக உறைபனி. பாத்ரூம் ஃபேனின் குழாய் வெளியே போகாமல், சூட்டைத் தடுக்கப் பரப்பியிருக்கும் இன்சுலேஷன் மேல் அப்படியே வாயைத் திறந்து கிடந்தது. முன்பு இருந்தவர்கள் செய்த வேலை. குளிக்கிற நீராவி, காலையில் புட்டும் இடியப்பமும் அவிக்கிற ஆவி எல்லாம் மேலே போய் உறைந்து, வெளியே சூடு வந்ததும் உருகிச் சொட்டியிருக்கிறது.

கூரைத் தண்ணீர் வடியும் பீலி ஓரத்தில் தடித்த பனிக்கட்டி கட்டுவதும் இதே கதைதான். வீட்டுச் சூடு சீலிங் இடுக்குகளால் மேலே கசிந்து கூரைப் பலகையைச் சூடாக்கும். அதன் மேல் கிடக்கும் பனி அடியிலிருந்து உருகி வழியும். சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கூரை ஓரத்துக்குக் கீழே வீட்டுச் சூடு கிடையாது. அங்கே வந்ததும் தண்ணீர் மறுபடி உறைந்து அணை போல நிற்கும். பின்னால் தேங்குகிற தண்ணீர் ஷிங்கிள்ஸுக்கு அடியால் ஏறி வீட்டுக்குள் வரும். புது ஷிங்கிள்ஸ் போட்டாலும் கீழிருந்து வரும் சூடு நிற்காது.

நாங்கள் ஃபேன் குழாய்க்கு உறை போட்டுக் கூரைக்கு வெளியே கொண்டுபோனோம். மின்கம்பி, குழாய் ஏறும் ஓட்டைகளையும் அட்டிக் மூடியையும் காற்றுப் போகாமல் அடைத்தோம். அப்புறம்தான் செல்லுலோஸ், அதாவது காகிதத் தூள் இன்சுலேஷன் போட்டோம். ஒன்ராறியோவில் புது வீடுகளுக்குப் பெரும்பாலும் ஆர்-60 (ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் அளவு) போடுகிறார்கள், செல்லுலோஸ் என்றால் ஏறக்குறைய 16, 17 அங்குலத் தடிப்பு. எங்கள் வீட்டில் ஒரு சாண் உயரம்கூட இருக்கவில்லை. கூரை ஓரத்துக் காற்றுத் துவாரங்களை இன்சுலேஷன் மூடாதபடி தடுப்பு வைக்கச் சொல்லுங்கள், அட்டிக் வெளிக்குளிரோடு குளிராக இருக்க வேண்டும். 15,000இல் கால்வாசிகூட ஆகவில்லை. அதே ஷிங்கிள்ஸ் இன்னும் மேலே இருக்கிறது, கறை திரும்ப வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. அட்டிக்கில் மினுமினுக்கும் சிறு கற்கள் போல வெர்மிகுலைட் என்ற பழைய இன்சுலேஷன் கிடந்தால் தொடாமல் இறங்கிவிடுங்கள். 1990க்கு முன் போட்டதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், பரிசோதித்த பிறகுதான் எதுவும்.

இவள் என்ன கூரை வேலை படித்தவளா என்று சிலர் எழுதுவார்கள். படிக்கவில்லை. கூரையே மாற்றக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை. ஷிங்கிள்ஸ் ஓரம் சுருண்டு, அதன் மணல் பீலியில் குவிந்து கிடந்தால், மழைக்கே ஒழுகினால், மாற்றத்தான் வேண்டும். அப்படி மாற்றும்போது ஓரத்தில் ஒட்டுகிற தண்ணீர்புகா விரிப்பு, சுவரின் உள்பக்கத்திலிருந்து இன்னும் 30 சென்ரிமீற்றராவது உள்ளே வருகிறதா என்று நின்று பாருங்கள். ஒன்ராறியோ கட்டட விதியே அதைக் கேட்கிறது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அழையாமலே கதவைத் தட்டி வருகிறவர்களால் எங்கள் மாமி பட்டது கொஞ்சமில்லை. பகலில் தனியாக இருந்த மனுசியிடம், நல்ல தமிழில் "அம்மா, அம்மா" என்று கதைத்து, வோட்டர் ஹீட்டர் வாடகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான் ஒரு பெடியன். ஹீட்டர், ஃபர்னஸ் போன்றவற்றை அழையாமல் வந்து விற்பதற்கு 2018 மார்ச்சில் ஒன்ராறியோ தடை போட்டது. கூரை வேலை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தம் 50 டொலருக்கு மேல் என்றால், பிரதி கையில் கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

இந்தக் குளிருக்கு முன் எல்லாம் முடியாவிட்டாலும் நவம்பரில் கடைசி இலை விழுந்ததும் பீலியைத் துப்புரவாக்குங்கள். நீளக் கைப்பிடி வைத்த பனி வாரி வாங்கி, தரையில் நின்றே ஓரத்துப் பனியை இழுத்துவிடுங்கள், மின்கம்பி பக்கம் மட்டும் போகக்கூடாது. கட்டிக்கொண்ட பனிக்கட்டியைச் சுத்தியலால் உடைத்தால் ஷிங்கிள்ஸும் சேர்ந்து உடையும். பழைய காலுறையில் கல்சியம் குளோரைட் நிரப்பி அதன் மேல் குறுக்கே வைத்தால், தண்ணீர் வடிய வழி கிடைக்கும். குளித்து முடிந்தும் ஃபேன் இருபது நிமிடம் ஓடட்டும், ஆனால் அதன் குழாய் எங்கே போகிறது என்று பார்த்த பிறகு.