வீட்டில் ஒருவர் இறந்தால், தகனத்துக்கு முன் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியவை என்ன?

அம்பாசமுத்திரம் பக்கம் வீட்டில் ஒருவர் இறந்தால் ஊர்ச் சுடுகாடா, நகரத்து எரிவாயு தகன மேடையா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் குடும்பத்தில் இரண்டும் நடந்திருக்கிறது. எங்கே எரித்தாலும் சரி, எரித்தபின் எதையும் திருத்த முடியாது. ஆகவே நெருப்புக்கு முந்திய சில மணி நேரத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

ஐஸ் பெட்டிக்குச் சொல்லும் முன் டாக்டரை அழையுங்கள். வைத்தியம் பார்த்துவந்தவர் வந்து பார்த்து, மரணக் காரணத்தை எழுதித் தரட்டும். தகன மேடையில் அதையும் ஆதார் நகலையும் கேட்பார்கள். விழுந்து அடிபட்டது, பாம்பு கடித்தது, பூச்சிமருந்து குடித்தது என்று சிறு சந்தேகம் இருந்தாலும் போலீசுக்குச் சொல்லாமல் எரிக்கவே கூடாது. ஊர் வாய்க்குப் பயந்து அவசரப்பட்ட குடும்பங்கள் பிறகு காப்பீட்டுப் பணத்துக்கும் வழக்குக்கும் அலைகின்றன.

நெஞ்சில் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருந்தால் எடுத்தாக வேண்டும். அதன் பேட்டரி சூட்டில் வெடிக்கும். பெரியப்பாவின் உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க ஆட்கள் ஆற்றுக்குப் போயிருந்த நேரத்தில் டாக்டர் எடுத்துவிட்டார். காறையெலும்புக்குக் கீழே சிறு தையல். கோடி வேட்டி போர்த்தியதும் அதுவும் மறைந்துவிட்டது.

ஊரில் வரட்டியும் விறகும் அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே களிமண் பூசுவார்கள். சூடு உள்ளேயே நின்று இரவெல்லாம் எரியும். மண் பூசாத சிதையில் கை கால் மடங்குவதைப் பார்த்து, 'எழுந்துவிட்டார்' என்று அலறுகிறவர்கள் உண்டு. சூட்டில் தசைகள் சுருங்குவதால் வரும் அசைவு அது, உயிர் இல்லை. கொள்ளி வைக்கும் பிள்ளைக்கு இதை முன்னாலேயே சொல்லிவைப்பது பெரியவர்களின் கடமை. மறுநாள் காடாத்து, பால் தெளித்து எலும்பு எடுப்பார்கள்.

தகன மேடையில் உலைச்சூடு 800 டிகிரி செல்சியசைத் தொடும். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் வேலை முடியும். உடம்பிலுள்ள நீர் முதலில் வற்ற வேண்டும். அதற்கே கணிசமான நேரம் பிடிக்கிறது. மிஞ்சுவது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். வெளுத்து, விரலால் அழுத்தினால் நொறுங்கும் எலும்புத் துண்டுகள். பெரியவர் ஒருவருக்கு இரண்டு மூன்று கிலோ தேறும். சாம்பல் அன்றைக்கே கைக்கு வந்துவிடும். வாய்க்கரிசி, குடம் உடைப்பது எல்லாம் உலைக் கதவுக்கு முன்பே செய்யலாம். சடங்கில் குறை வராது. பெண்கள் தெருமுனையோடு திரும்புவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனாலும் மகள் வர ஆசைப்பட்டால் தயவுசெய்து தடுக்காதீர்கள்.

தாமிரபரணியில் சாம்பலை மட்டும் கரையுங்கள். பாபநாசத்தில் துணிமணியையும் ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்; மனம் பதைக்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் கீழே அத்தனை ஊர்களும் குடிக்கின்றன.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். கிராமத்தில் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் போங்கள். வங்கி, ஓய்வூதியம், பட்டா மாற்றம் என்று ஒவ்வொரு இடத்திலும் இறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள். சான்றிதழில் கூடுதலாகச் சில பிரதிகள் வாங்கிவிடுங்கள். பெயரில் ஓர் எழுத்து ஆதாரோடு மாறியிருந்தாலும் அங்கேயே நின்று திருத்தச் சொல்லுங்கள்.