ஒத்திகையில் ஓப்பரா பாடகர்கள் ஏன் முழுக்குரலில் பாடுவதில்லை?

மேலைநாட்டு இசைநாடகமான ஓப்பராவில் கடினமான புதிய வேடத்துக்குத் தயாராகும் இளம் பாடகி, ஒத்திகையில் உச்சக்குரல் வரிகளை மெல்லிய குரலிலோ ஒரு ஸ்தாயி இறக்கியோ பாடி, சொல்லும் தாளமும் மட்டும் பிசகாமல் பார்த்துக்கொள்வதை ‘மார்க்கிங்’ என்பார்கள்.

காரணம் குரல்வளைக்குள் இருக்கிறது. அங்குள்ள இரண்டு மெல்லிய மடிப்புகள் அதிர்வதால்தான் குரல் பிறக்கிறது. 1791-இல் அரங்கேறிய மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஓப்பராவில் இரவரசி என்னும் பாத்திரம் தொடும் உச்ச ஸ்வரத்துக்கு அவை நொடிக்கு ஏறத்தாழ 1,400 முறை அதிர வேண்டும். ஒலிபெருக்கி இல்லாமலேயே அந்தக் குரல் இசைக்குழுவையும் தாண்டிக் கேட்க வேண்டும். இதை நாள்தோறும் மணிக்கணக்கில் செய்தால், விடாமல் கைதட்டியவரின் உள்ளங்கை சிவந்து தடிப்பதைப் போல, அந்த மடிப்புகளும் வீங்கிவிடக்கூடும்.

தருமபுரிப் பக்கத்தில் திரௌபதியம்மன் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்தாடுபவரை எண்ணிப் பாருங்கள். விடியற்காலைப் பாட்டுக்கும் குரலை மிச்சம் வைத்திருக்கத் தெரிந்தவரையே நான் தேர்ந்த கலைஞர் என்பேன்.

மார்க்கிங் என்றால் கிசுகிசுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்திக் கிசுகிசுப்பதும் குரலுக்குச் சிரமம் தரக்கூடியதே என்பதால், மார்க்கிங்கில் ஒலி குறைந்தாலும் மூச்சின் பிடிப்பு தளர்வதில்லை.