அளவீட்டின் பெயர் மாறினால்: கேள்வி பதில்

மொரீஷியஸின் எபென் சைபர் சிட்டியில் சர்வர் கண்காணிப்பு வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

ரோஸ் ஹில்லிலிருந்து: அக்கா, சர்வரின் நிலையை அளந்து தரும் நோட் எக்ஸ்போர்ட்டரை 0.15-இலிருந்து புதுப் பதிப்புக்கு மாற்றினேன். வரைபடம் காட்டும் கிராஃபானாவில் பாதிக் கட்டங்கள் காலி. தரவு போய்விட்டதா?

போகவில்லை தம்பி. 2018-இல் வந்த 0.16-இல் நிறைய அளவீடுகளுக்குப் பெயர் மாற்றினார்கள். அலகு பெயரிலேயே தெரிய வேண்டும் என்பது நோக்கம். 'நோட்_சிபியு' என்பது 'நோட்_சிபியு_செகண்ட்ஸ்_டோட்டல்' ஆனது. அளவீடுகளைச் சேகரித்து வைக்கும் புரோமிதியஸுக்குப் பெயர் மாறினாலே அது வேறு அளவீடுதான். பழையது மாற்றிய நிமிடத்தில் நிற்கும், புதியது அங்கிருந்து தொடங்கும். கோட்டை இணைக்க, இரண்டு பெயருக்கும் தனித்தனியே 'ரேட்' (நொடிக்கு எவ்வளவு கூடுகிறது என்ற கணக்கு) எடுத்து நடுவில் 'ஆர்' ('or', அல்லது) போடு. புதுப் பெயர் முதலில் வரட்டும்.

காத்ர் போர்னிலிருந்து: வரைபடத்தைப் பிறகு சரிசெய்யலாம். அலர்ட் ஒன்றும் அடிக்கவில்லை, அதனால் பரவாயில்லைதானே?

இல்லை தங்கச்சி, முதலில் பார்க்க வேண்டியதே அலர்ட்தான். பெயர் இல்லாத அளவீட்டைக் கேட்டால் புரோமிதியஸ் பிழை சொல்லாது, வெறும் பதில் தரும். வெறும் பதிலுக்கு அலர்ட் அடிக்காது. நான் இதில் பட்டிருக்கிறேன். தைப்பூசக் காவடிக்கு முந்தின நாள் மாலை ஒரு சர்வரில் பதிப்பை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் அரசு விடுமுறை. டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுபோனது, ஒரு செய்திகூட வரவில்லை. அலர்ட் விதி பழைய பெயரையே கேட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து முக்கியமான ஒவ்வொரு அளவீட்டுக்கும் 'ஆப்சென்ட்' வைத்துத் தனி அலர்ட் எழுதுகிறேன்: இந்தப் பெயரில் தரவே வரவில்லை என்றால் என்னை எழுப்பு. நீயும் இன்றே எழுதிவிடு.

போர்ட் லூயிஸிலிருந்து: செயலியிலிருந்து அளவீடுகளை அனுப்பும் ஓப்பன் டெலிமெட்ரியில் பெயரை மாற்றியதும் எங்கள் வலைத்தளம் ஆயிரம் மடங்கு வேகமாகத் தெரிகிறது!

அலகு மாறியிருக்கிறது. பழைய 'எச்டிடிபி.சர்வர்.டியூரேஷன்' மில்லி செகண்டில் இருந்தது. 'எச்டிடிபி.சர்வர்.ரிக்வெஸ்ட்.டியூரேஷன்' செகண்டில் வருகிறது. 500-ஐத் தாண்டினால் அடி என்ற விதியை 0.5 என்று மாற்றுங்கள். ஹிஸ்டோகிராமின் பக்கெட் (நேரத்தை வைத்துக் கோரிக்கைகளைப் பிரிக்கும் பிரிவு) எல்லைகளையும் பாருங்கள், பழைய எல்லைகள் அப்படியே இருந்தால் கிட்டத்தட்ட எல்லாக் கோரிக்கையும் ஒரே பக்கெட்டில் விழும். சில நிரல்மொழிகளின் நூலகங்களில் 'எச்டிடிபி/டூப்' என்ற அமைப்பு உண்டு, இரண்டு பெயரிலும் சேர்த்தே அனுப்பும். சேமிப்பு கூடும்தான், ஆனாலும் மாறும் காலத்தில் அதைத்தான் சொல்வேன்.

வாக்கோவாவிலிருந்து: பழைய பெயரை எத்தனை நாள் வைத்திருப்பது?

புரோமிதியஸ் இயல்பாக 15 நாள் தரவுதான் வைக்கும். கடைசி சர்வரும் மாறி 15 நாள் ஆனதும் 'ஆர்' பகுதியை எடுத்துவிடலாம். போன வருடக் காவடி வாரத்தோடு இந்த வருடத்தை ஒப்பிடுகிறவர்கள், நீண்டகாலச் சேமிப்பில் பழைய தரவு இருக்கும்வரை விட்டுவையுங்கள்.