சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கும் இந்திய–சீனப் போருக்கும் தொடர்பு உண்டா?

இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்த, நாடற்றவர்களான இந்திய வம்சாவளித் தமிழரை இரு நாடுகளும் பிரித்துக்கொண்ட ஒப்பந்தம் அது. நேரடித் தொடர்பு என்று அதில் ஒரு வரியும் கிடையாது. ஆனால் போரை விட்டுவிட்டுப் பார்த்தால் டெல்லியின் மனமாற்றம் புரியாது.

நேரு இருந்தவரை, இவர்களில் விருப்பத்தோடு விண்ணப்பிப்பவர்களைத்தான் ஏற்போம், மற்றவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பதே இந்தியாவின் நிலைப்பாடு. 1962இல் சீனாவிடம் தோற்ற பிறகு கணக்கு மாறியது. அயல்நாடுகளின் நட்பு டெல்லிக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. இலங்கையோ 1952 முதலே சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கிய நாடு. போர் முடிந்ததும் கொழும்பில் ஆறு நாடுகளைக் கூட்டிச் சமரசம் பேசியவரும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோதான். 1963இல் சீனாவோடு கடல்வழிப் போக்குவரத்து ஒப்பந்தமும் செய்துகொண்டார். டெல்லிக்கு உறுத்தாமல் இருக்குமா?

நேரு மறைந்து சில மாதங்களில், 1964 அக்டோபர் 30 அன்று, அடுத்து பிரதமரான சாஸ்திரி கையெழுத்திட்டார். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொண்டன. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஏதோ பாகப்பிரிவினை மாதிரி!

ஹட்டனிலும் பதுளையிலும் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் எதிர்த்தும் பலனில்லை. அப்புறம் தலைமன்னார் வரை கோச்சி (ரயில்), அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல். ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை. சீனா மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சிங்கள அரசியலின் அழுத்தம் அதற்கு முந்தியது, இவர்களை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டத்திலேயே தொடங்கியது.